குத்தத்தைச் சொல்லித்தான் விப்பேன்

வாங்க தம்பி, வாங்க. பஸ்ஸுலயா வந்தீங்க? அந்தக் கைகாட்டி ஸ்டாப்புல எறங்கி இவ்வளவு தூரம் நடந்தா வந்தீங்க? ஒரு போன் போட்டிருந்தா நானே வண்டிய எடுத்துட்டு வந்திருப்பனே. சரி, உக்காருங்க. ஏ புள்ள, ரத்தினா! தேங்காக் களத்துக்காரரு வந்துட்டாரு பாரு, மோரு கொண்டா!

வையாபுரி வரலீங்களா? வர மாட்டான். என்ற மேல கோவம் அவனுக்கு. மாட்டுத் தரகு பாத்துட்டிருந்தவன், இப்ப வண்டித் தரகு பாக்கறான். உங்குளுக்கு முன்னாடி ரெண்டு பேரக் கூட்டியாந்தான். ரெண்டு பேருமே மோரக் கூடக் குடிக்காமத் திரும்பிப் போயிட்டாங்க. "மாமா, நீங்க வாயத் தொறக்காம இருந்தாப் போதும், வண்டி தானா வித்துரும்"ங்கறான். அவனுக்கு என்னங்க, கமிசன வாங்கிட்டு நடையக் கட்டிருவான். நாளைக்குப் பாதி வழில நீங்க நின்னா, நாச்சிமுத்து ஏமாத்திப்புட்டான்னு என்ற பேரத்தான சொல்லுவீங்க?

அதனால மொதல்லயே சொல்லிப்போடறேன். எங்கப்பன் மாட்டு யாவாரி. சந்தையில கயித்தப் புடிச்சுட்டு நின்னாருன்னா, கேக்கறதுக்கு முன்னாடியே குத்தத்தச் சொல்லிருவாரு. இது ஒதைக்கும், இது தண்ணியில எறங்காது, இது லாரிச் சத்தத்துக்கு மெரளும்னு. நானும் அப்படித்தான். குத்தத்தச் சொல்லித்தான் விப்பேன். கேட்டுக்குங்க. அப்பறம் சொல்லலீன்னு சொல்லக் கூடாது.

குடிங்க, நல்ல மோரு. என்ற சம்சாரமுங்க. கைய ஒரு மாதிரியா வெச்சுட்டு வர்றாளேன்னு பாக்கறீங்க. தோளுக்கு மேல தூக்க வராது அவளுக்கு. ஒரு கையில பால் கறக்கறா. அதையும் சொல்றேன், அதுவும் இந்த வண்டிக் கதைதான்.

மொதல்ல லோடு வண்டியப் பாத்துருங்க. வாங்க, சுத்தி வாங்க. காத்தால ஸ்டார்ட் ஆகாது. ஆகவே ஆகாதுன்னு இல்ல, சில நாளைக்கு ஆகும், சில நாளைக்கு நாலு பேரு தள்ளோணும். ரெண்டாவது கியர் போட்டா அதுவாவே வெளிய குதிச்சுக்கும், கையால அழுத்திப் புடிச்சுட்டே ஓட்டோணும். பின்னாடி ஸ்பிரிங் பட்ட ஒடஞ்சு கெடக்குது, கம்பி போட்டுக் கட்டி வெச்சிருக்கறேன். குனிஞ்சு பாருங்க, அடியில கறுப்பா மண்ணு நனஞ்சிருக்குதில்ல? ஆயில் ஒழுகல். ரேடியேட்டர்லயும் ஓட்ட. ஏத்தத்துல எஞ்சின் சூடாயி நின்னுக்கும், சித்த நேரம் காத்திருந்து தண்ணி ஊத்துனாத்தான் மறுபடி கெளம்பும்.

இதெல்லாம் குத்தமே இல்லீங்க. செலவு பண்ணுனாச் சரியாயிரும். நான் சொல்ல வந்தது வேற.

இந்த வண்டிக்குக் கொணம் கெட்டுப் போச்சு.

சிரிக்காதீங்க தம்பி. நீங்க தேங்காயோட பொழங்கறவரு, உங்குளுக்குத் தெரியாது. மாட்டுல அப்படி ஒண்ணு உண்டு. ஊரே தட்டிக் குடுத்தாலும் நிக்கும், கொழந்த கயித்தப் புடிச்சாலும் பின்னாலயே போகும், சோறு போட்டவன் கிட்ட வந்தா மட்டும் முட்டும். ஏன்னு கேட்டா எவனுக்கும் தெரியாது. எங்கப்பன் அந்த மாதிரி மாட்ட ஒரு நாளைக்கு மேல கட்டுத்தரையில வெக்க மாட்டாரு. இந்த வண்டி அந்த ஜாதி. நல்லாத்தான் இருந்துச்சு. பதினொரு வருசம் என்ற கூடப் பொறந்தது மாதிரி இருந்துச்சு. போன வருசத்துலிருந்து மாறிப் போச்சு.

மொதல்ல கிளச்சு. பிளேட்டு மாத்துனேன், கருகிப் போச்சு. மறுபடி மாத்துனேன், மறுபடி கருகிப் போச்சு. தனபால்னு ஒரு மெக்கானிக்கு, நம்ம ஊருப் பையந்தான், ஊதியூர்த் தடத்துல பட்டறை வெச்சிருக்கறான். அவன் சொல்றான், "அண்ணா, நீங்க கிளச்சு மேல கால வெச்சுட்டே ஓட்டறீங்க"ன்னு. எப்படிக் கோவம் வரும் சொல்லுங்க! நான் கால வெச்சா எனக்குத் தெரியாதா? கால் என்ற கால் தான? அவன் பொறக்கறதுக்கு முன்னாடியிருந்து நான் ஸ்டியரிங் புடிக்கறவன். "நீ உன்ற ஸ்பேனரப் புடி, எனக்கு ஓட்டச் சொல்லிக் குடுக்காத"ன்னு சொல்லிப்போட்டு வந்துட்டேன்.

அப்பறம் பிரேக்கு. அதான் பெரிய குத்தம். நல்லாக் கேட்டுக்குங்க. மிதிச்சா உடனே புடிக்கறதில்ல. மிதிக்கறோம், வண்டி பாட்டுக்குப் போயிட்டே இருக்குது. ஒண்ணுமே மிதிக்காத மாதிரி. அப்பறம் திடீர்னு கப்புனு புடிச்சு, பின்னாடி நிக்கற மாடெல்லாம் முட்டிக் காலு போட்டு உழுகும். சில சமயம் பிரேக்க மிதிச்சா வண்டி சீறிட்டு முன்னாடி போகுது! ஆமாங்க, பிரேக்க மிதிச்சாப் போகுது. இப்படி ஒரு அக்குருமத்த எங்கயாச்சும் கேட்டிருக்கறீங்களா?

மார்க்கெட்டு வாசல்ல தக்காளிப் பொட்டி மேல ஏத்திட்டேன். போனாப் போகுது, தக்காளி. அப்பறம் கறவை மாடு எறக்கிட்டு வரும்போது ஒரு வாத்தியாரு ஸ்கூட்டர்ல நின்னுட்டிருந்தாரு, அவரு பின்னாடி ஒரு தட்டு. உழுந்து எந்திரிச்சாரு, ஒண்ணும் ஆகல, நாலு வார்த்த திட்டிப்போட்டுப் போயிட்டாரு. நல்ல மனுசன்.

தனபால்கிட்டக் கொண்டுபோயி உட்டேன். லைனிங் மாத்துனான், மாஸ்டர் சிலிண்டர் மாத்துனான், பைப்பெல்லாம் புதுசு போட்டான். ஓட்டிக் காட்டுனான். புடிக்குதுங்க! நின்ன எடத்துல நிக்குது. ஊட்டுக்கு நான் ஓட்டிட்டு வர்றேன், புடிக்கல. திரும்பக் கொண்டு போறேன். அவன் ஓட்டுனாப் புடிக்குது. நான் ஓட்டுனாப் புடிக்கல. அப்ப யாரு மேல குத்தம்? நீங்களே சொல்லுங்க. பிரேக்கு மேலயும் இல்ல, பைப்பு மேலயும் இல்ல, எல்லாந்தான் மாத்தியாச்சே. வண்டியோட கொணத்து மேலதான குத்தம்?

தனபால் சாவிய என்ற கையிலயே திருப்பிக் குடுத்தான். தலையத் தொங்கப் போட்டுட்டு நின்னான். "அண்ணா, இனி என்ற பட்டறைக்கு இதக் கொண்டாராதீங்க, பாவம் எனக்கு வேண்டாம்"னான். அவனுக்கும் புரிஞ்சு போச்சு, இது மனுசன் கையில அடங்கற சீக்கு இல்லீன்னு.

இப்ப ரத்தினா கையப் பத்திச் சொல்றேன். அவ உள்ள போயிட்டாளா? அவ முன்னாடி சொன்னா அவளுக்குப் புடிக்காது.

கட்டுத்தரைக்கு வண்டியப் பின்னாடி எடுத்தேன். அவதான் எப்பவும் பின்னாடி நின்னு சொல்லுவா. கையால டப்பு டப்புனு தட்டிட்டே, "வரட்டும், வரட்டும், வரட்டும், போதும்"ங்கோணும், நான் நிறுத்தோணும். கண்ணாலம் ஆன நாள்லிருந்து அவதான் சொல்றா, மாட்டு வண்டி ஓட்டுன காலத்துலயும் அவதான் நின்னு சொல்லுவா. அன்னைக்கும் தட்டுனா. "போதும்"னா. நான் மிதிச்சேன். போதும், போதும்னு கத்தறா. நானும் மிதிக்கறேன், மிதிக்கறேன், வண்டி போகுது. செவுத்துக்கும் வண்டிக்கும் நடுவுல அவ.

அந்தச் சத்தம் இன்னும் காதுக்குள்ள கெடக்குதுங்க. கனவுல வருது. நான் ஒண்ணும் கல்லு இல்ல தம்பி. எறங்கி ஓடுனேன். அவ அழுகல. என்ற மொகத்தத்தான் பாத்தா. "உங்குளுக்கு ஒண்ணும் ஆகலீங்களே"ன்னு கேக்கறா! எலும்பு ஒடஞ்சு தொங்குது, எனக்கு ஒண்ணும் ஆகலீங்களேன்னு கேக்கறா.

அதவிட ஒண்ணு. ஆசுபத்திரியில கேட்டாங்க, எப்படி ஆச்சுன்னு. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள, "தொட்டிக்கிட்டப் பாசியில வழுக்கி உழுந்துட்டேனுங்க"ன்னுட்டா. ஒறம்பரை சனம் வந்து கேட்டாங்க, அவங்ககிட்டயும் அதேதான். பெத்த மகங்கிட்டக் கூட அதேதான். ஏன்னு எனக்கு ரெண்டு நாளு புரியல. அப்பறம் புரிஞ்சுது. வண்டிக்குப் பேரு கெட்டுப் போயிருமில்ல? ஆளு மேல ஏறுன வண்டின்னு தெரிஞ்சா எவன் வாங்குவான்? விக்கறப்ப வெல போகோணுமேன்னு அன்னைக்கே யோசிச்சிருக்கறா. அந்த வலியிலயும் வெவரமா இருந்திருக்கறா. ஆனா நான் மறைக்க மாட்டேன். ஏறுச்சு. சொல்லிட்டேன்.

அதுக்கப்பறம் அவ வண்டிக்குப் பின்னாடி நிக்கறதே இல்லீங்க. ஸ்டார்ட் பண்ற சத்தம் கேட்டாக் கெணத்து மேட்டுக்குப் போயி நின்னுக்குவா.

என்ன பாக்கறீங்க, காலயா? கட்டு ஒண்ணுமில்லீங்க, கொப்புளம். அதுவும் இந்த வண்டி பண்ணுன வேலதான். நான் செருப்புப் போட்டுட்டு வண்டியில ஏற மாட்டேன். எங்களுக்கெல்லாம் அது லச்சுமி, மாட்டு மேல செருப்புக் கால் படலாமுங்களா? அந்த மாதிரிதான். வெறுங்காலோடதான் ஓட்டுவேன். அடியில எஞ்சின் சூடு தகரத்துல ஏறி, பாதம் பூராக் கொப்புளிச்சுப் போச்சு. திருட்டுத்தனம் பாருங்க இதுக்கு, சூடு தெரியவே தெரியாதுங்க. சுட்டாத்தான மனுசன் கால எடுப்பான்? ஊட்டுக்கு வந்து, திருநீறப் பூசிட்டு உக்காந்து, அவதான் பாத்துச் சொல்றா, "ஐயோ, கால் வெந்து கெடக்குது"ன்னு. வலியா? வலியெல்லாம் இல்ல. வலி தாங்கற ஒடம்பு இது.

அதுக்கும் ஆசுபத்திரிக்கு இழுத்துட்டுப் போனா. சக்கரை இருக்குதில்ல எனக்கு, கொஞ்சமா. அந்த டாக்டரம்மா சின்னப் பொண்ணு. என்னமோ தூண்டில் நரம்பு மாதிரி ஒண்ணப் பாதத்துக்கிட்ட நீட்டிட்டு, "கண்ண மூடிக்குங்க, தொட்டாச் சொல்லுங்க"ங்குது. நான் ஓரக் கண்ணால பாத்துக்கிட்டேன். தொட்டப்பவெல்லாம் "ஆ, ஆ"ன்னு சொல்லிட்டேன். ஒண்ணு உடாம எல்லாம் கரெக்ட்டு! அப்படியும் அந்தப் பொண்ணு என்னமோ எழுதி ரத்தினாகிட்டக் குடுத்து, காதுல குசுகுசுன்னு பேசுது. அன்னையிலிருந்து புடிச்சா இவ. "வண்டிய வித்துருங்க. வண்டிய வித்துருங்க." காத்தால அதே, பொழுதோட அதே. "உங்க காலப் பாருங்க மொதல்ல"ங்கறா. கால் என்ன பண்ணுச்சு? கால் பாட்டுக்கு மிதிக்குது. வண்டி கேக்க மாட்டேங்குது.

மகன் பூபதி வேற. திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கறான். "அப்பா, மாசாமாசம் நான் அனுப்பறேன், நீங்க சும்மா இருங்க"ங்கறான். சும்மா எப்படீங்க இருக்கறது? விடிய முன்னாடி போன் அடிக்கும். நாச்சிமுத்தண்ணா, மாடு ஏத்தோணும். நாச்சிமுத்தண்ணா, தீவனம் எறக்கோணும். நாச்சிமுத்தண்ணா, பிரசவ வலி, ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போகோணும். இந்த ஊர்ல பாதிக் கொழந்தைங்க இந்த வண்டியில போயித்தான் பொறந்துச்சு. போன் அடிக்காத ஊட்டுல கெழவனாட்டம் கட்டில்ல உக்காந்து கொட்டாவி உட்டுட்டு இருக்கறதா? நெனச்சாலே பயமா இருக்குதுங்க எனக்கு. உங்குளுக்கு வயசு இருக்குது, தெரியாது.

என்ன அவசரம்னு கேக்கறீங்களா? அவளுக்குத்தான் அவசரம். ஞாயித்துக்கெழமைக்கு முன்னாடி வண்டி வாசல உட்டுப் போயிரோணும்னு வையாபுரி கிட்ட ஒரே புடியா நிக்கறா. ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போறோம். எங்க பங்காளி வேலப்பன், அவம் பேத்திக்கு மொட்டையடிச்சுக் காது குத்தறான். கெடா வெட்டு. கொலதெய்வம் கரட்டு மேல இருக்குது. பொம்பளைங்க, கொழந்தைங்க எல்லாம் நம்ம வண்டியிலதான் போகோணும். எப்பவும் நம்ம வண்டிதான், வேற வண்டி வெச்சா எனக்கு மரியாதையா? பின்னாடி கம்பியப் புடிச்சுட்டு நின்னாங்கன்னா பாட்டும் சிரிப்புமாப் போயிரும் தடம். ஏத்தம் கொஞ்சம் செங்குத்துத்தான். எறக்கம் அதவிட. ஒரு பக்கம் பள்ளம். நான் கண்ண மூடிட்டுப் போயிட்டு வருவேன்.

இவ என்ற முதுகுக்குப் பின்னாடி வேலப்பன் ஊட்டுக்குப் போயி, வாடகைக்கு வேன் வெச்சுக்குங்கன்னு சொல்லியிருக்கறா. அவன் என்கிட்ட வந்து, "ஏப்பா, என்ற மேல வருத்தமா உனக்கு"ன்னு கேக்கறான். எனக்கு எப்படி இருந்திருக்கும்? ஊட்டுக்கு வந்து சத்தம் போட்டேன். அவ அப்படியே செவுத்துல சாஞ்சு உக்காந்துட்டா. தூங்கறதே இல்லீங்க இப்பல்லாம், அப்படி ஒரு வெசனம். எந்த நேரம் முழிச்சுப் பாத்தாலும் அவ உக்காந்துட்டு என்ற காலத் தடவிப் பாத்துட்டிருக்கறா.

அதா பாருங்க, கதவுக்குப் பின்னாடி நின்னு உங்குளுக்கு என்னமோ சாடை காட்டறா. வெல எச்சாச் சொல்லிருவனோன்னு பயந்துக்கறா. நீ உள்ள போ புள்ள, நான் பேசிக்கறேன்.

என்னது, ஓட்டிப் பாக்கறீங்களா? இவ்வளவு சொன்னதுக்கு அப்பறமுமா? தகிரியமான ஆளுதானுங்க நீங்க. இருங்க, நானும் ஏறிக்கறேன். சாவி இந்தாங்க. பின்னாடி யாரும் இல்லீங்களேன்னு பாத்துக்குங்க. ரத்தினா அதா, கெணத்து மேட்டுல நின்னுட்டா.

திருப்புங்க. இன்னொருக்கா. அட, புடிச்சுட்டுது! புது ஆளுன்னதும் என்ன மரியாத பாருங்க இதுக்கு.

மெதுவாப் போங்க. வாய்க்கால் வரைக்கும் தடம் நல்லாருக்கும். ரெண்டாவது கியரக் கையில அழுத்திக்குங்க, ஆ, அப்படித்தான். இப்ப பிரேக்க நம்பாதீங்க. நம்பவே நம்பாதீங்க. நிக்கோணும்னா முன்னாடியே மிதிக்க ஆரம்பிச்சுரோணும், மிதிச்சுட்டு சாமியக் கும்புட்டுக்கோணும். ஏனுங்க, மயில்! மயிலு, மயிலு, தம்பி, குறுக்க வருது...

அப்பாடி.

நின்னுருச்சு.

இல்லீங்க, தலையில அடி ஒண்ணும் படல, கண்ணாடியில லேசா இடிச்சுக்கிட்டேன். மயிலு பாருங்க, ஒண்ணுமே நடக்காத மாதிரி தோகைய இழுத்துட்டுப் போகுது. நின்னுருச்சுங்களே. எப்படி மிதிச்சீங்க? சும்மாவா? சும்மா மிதிச்சீங்களா? மறுக்கா மிதிங்க. சித்த வேகமாப் போயி, அந்தப் பனமரத்துக்கிட்ட மிதிங்க.

நிக்குது.

இன்னொருக்கா.

நிக்குதுங்க. உங்க காலுக்கு நிக்குது.

வண்டிய ஓரங்கட்டுங்க தம்பி. சித்த நேரம் உக்காந்திருக்கலாம்.

உங்க காலுக்குக் கீழ சூடு அடிக்குதுங்களா? அடிக்குதா? செருப்பு போட்டிருந்துமா அடிக்குது? ம்.

எனக்கு அடிக்கலீங்களே. இப்பவும் அடிக்கல. இந்தப் பக்கமும் அதே தகரந்தான.

தண்ணி வேண்டாம். சித்த இருங்க.

தெரிஞ்சு போச்சு தம்பி. இத்தன நாளா மனசுக்குள்ள ஒரு ஓரத்துல, வண்டி மேல குத்தம் இல்லாம இருக்குமோன்னு நெனச்சுட்டு இருந்தேன். இப்ப தெரிஞ்சு போச்சு. சூடு மொதற்கொண்டு ஆள் பாத்துத்தான் காட்டுது. இதுக்கு என்னையப் புடிக்கல. அவ்வளவுதான். பதினொரு வருசம். ஒரு நாள் கழுவாம உட்டதில்ல. ஆயுத பூசைக்கு மாலை போடாம இருந்ததில்ல. இன்னைக்கு மொதத் தடவையா ஏறுன ஆளு மிதிச்சா நாய்க்குட்டியாட்டம் நிக்குது, நான் மிதிச்சா மட்டும் என்ற பொண்டாட்டி மேலயே ஏறுது. வயிறு எரியுதுங்க. அழுகையா வருது. நான் என்ன கொற வெச்சேன் இதுக்கு?

நீங்க என்னமோ சொல்ல வர்றீங்க. காலு காலுன்னு எல்லாரும் அதையேதான் சொல்றாங்க. வேண்டாம், சொல்லாதீங்க. நீங்க நல்ல மனுசன், உங்க வாயில அது வர வேண்டாம்.

எடுத்துட்டுப் போயிருங்க. இன்னைக்கே எடுத்துட்டுப் போயிருங்க. முட்டற மாட்ட எங்கப்பன் ஒரு நாளைக்கு மேல வெச்சுக்கிட்டதில்ல, நான் ஒரு வருசம் வெச்சு அழுதிருக்கறேன். உங்ககிட்ட ஒழுங்கா இருக்கும். வெல பேசலாம், கையக் கொண்டாங்க. வாயில சொல்லக் கூடாது, எங்க வழக்கம் அப்படி. துண்டு போட்டு மூடிக்கறேன், உள்ள வெரலப் புடிப்பேன், புடிச்ச வெரலுக்கு ஒரு கணக்கு இருக்குது. சந்தையில இப்படித்தான். தடத்துல போறவன் கண்ணு படக் கூடாதில்ல. இது பெருசு, இது சில்லற. புரிஞ்சுதுங்களா? நீங்க புடிங்க. அட, என்னங்க இது, நான் சொன்னதவிட எச்சாப் புடிக்கறீங்க! வாங்க வந்த ஆளு வெல ஏத்தறத நான் எந்தச் சந்தையிலயும் பாத்ததில்ல. பட்ட ஒடஞ்சிருக்குது, ஆயில் ஒழுகுது, எல்லாஞ் சொன்னனில்ல? அப்படியுமா? ரத்தினா சாடைக்காகவா? அவ சொல்றதையெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க. சரி, உங்க மனசு. முடிஞ்சுது. அச்சாரத்தக் குடுங்க, ரெண்டு கையிலயும் வாங்கிக்கறேன். இனி இது உங்க வண்டி.

ஊட்டுக்கு உடுங்க. அவகிட்டச் சொல்லிப்போடலாம்.

பாருங்க, சத்தம் கேட்டு வாசலுக்கே வந்துட்டா. அவ மொகத்தப் பாருங்க. ரத்தினா! வித்தாச்சு புள்ள! அச்சாரம் வாங்கியாச்சு, இன்னைக்கே எடுத்துட்டுப் போறாரு. பாத்தீங்களா, கையெடுத்துக் கும்புடறா உங்கள. அந்தக் கையி மேல வரவே வராது, அதையும் சேத்துத் தூக்கிக் கும்புடறா. அழுகாத, அழுகாத. எத்தன நாளாச்சு இவ சிரிச்சு. நானும் கொஞ்சம் மொரட்டுத்தனமாத்தான் பேசிப்போட்டேன் இவள. சந்தோசப்படட்டும்.

நீ கேளு இத, இன்னும் சந்தோசப்படுவ. வெள்ளகோயில்ல ஒரு வண்டி சொல்லி வெச்சிருக்கறேன். இவரு குடுக்கற காசு முன்பணத்துக்குத் தாராளமாக் காணும், பாக்கிக்குத் தவணை. இதவிடப் பெருசு, ஒசரமான வண்டி. நூறுல போனாலும் ஆடாதாம். ஏத்தத்துல சூடாயி நிக்கற கதையெல்லாம் அதுக்குக் கெடையாது, சாவியத் தொட்டாக் கெளம்பிரும். நாளைக்குப் போயி நானே ஓட்டிட்டு வந்தர்றேன். ஞாயித்துக்கெழம வேலப்பன் ஊட்டுச் சனம் மொத்தமும் ஒரே நடையில கரட்டு மேல போயிரலாம். வேன் வேன்னியே, இப்ப என்ன சொல்ற?

ஏ புள்ள? என்ன அப்படிப் பாக்கற?

ரத்தினா, என்ன பண்ற? அச்சாரத்த ஏன் புடுங்கற? தம்பி, வாங்காதீங்க அவகிட்ட, அவளுக்குப் புத்தி கலங்கிப் போச்சு. வித்த பண்டத்துக்கு அச்சாரத்தத் திருப்பிக் குடுப்பாங்களா யாராச்சும்? அவரு சட்டப் பையில எதுக்குத் திணிக்கற? "வேண்டாங்க சாமி, வாங்காதீங்க"ங்கறா! கேட்டீங்களா? இத்தன மாசமா வித்துருங்க, வித்துருங்கன்னு என்ற உசுர வாங்குனவ இவதான். "இது ஏத்தத்துல நின்னு போற வண்டி, இதே இருக்கட்டும், இதே இருக்கட்டும்"ங்கறா. நின்னு போற வண்டி எதுக்குங்க ஒரு மனுசனுக்கு?

எந்திரி புள்ள. மண்ணுல உக்காந்துட்டு, ரோட்டுல போறவங்க பாக்கறாங்க. சக்கரத்த உடு. ஒரு கையில எப்படிக் கட்டிப் புடிச்சிருக்கறா பாருங்க, பிரிக்க முடியல என்னால. கன்னத்த வெச்சு அழுத்திட்டு இருக்கறா. டயரு சூடா இருக்கும் புள்ள, கன்னம் வெந்துரும், உடு.

நீங்க தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. சித்த நேரத்துல சரியாயிருவா. பதினொரு வருசம் வாசல்ல நின்ன வண்டியில்லீங்களா, அவளுக்கும் பாசம் இருக்கத்தான செய்யும்.